இனிஷியலுக்கு ஒரு அறை

ஒரே வேலையைக் கணினி திரும்பத் திரும்பச் செய்ய லூப் எழுதக் கற்றுக்கொண்ட முதல் வாரம் மனிதர்களுக்குக் கொஞ்சம் கிறுக்குப் பிடிக்கும். பயிற்சிக்கு வந்திருக்கும் உங்களுக்கும் பிடித்திருக்கிறது என்று உங்கள் மேற்பார்வையாளர் சொன்னார். மகிழ்ச்சி. எனக்கும் பிடித்தது. விடுதித் தோட்டத்தின் புகைப்படங்களுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றிக்கொண்டிருந்தவள், ஒரு நாள் கமாண்ட் திரையில் மூன்று வரி அடித்து என்டரைத் தட்டினேன். நான் டம்ளரை எடுத்து ஒரு வாய் காப்பி குடிப்பதற்குள் அத்தனை படங்களுக்கும் பெயர் மாறிவிட்டது. எழுந்து நின்று எனக்கு நானே கை தட்டிக்கொண்டேன். அதன் பிறகு பார்த்ததற்கெல்லாம் லூப். பெட்ஷீட் கணக்குக்கு லூப், பில் அனுப்ப லூப். வீட்டில் தோசை வார்க்கும்போதுகூட, மாவு தீரும்வரை திரும்பச் செய் என்று மனசுக்குள் ஓடும்.

நான் வேலை பார்த்தது ஏற்காட்டில், வாழவந்தி போகிற சாலையில் இருக்கும் ஒரு விடுதியில். கணினிப் பிரிவு என்று பெரிய பெயர். இருந்தது நானும் சரவணனும். சேலத்திலிருந்து வந்தவர், என்னைவிட இளையவர், என்னை அக்கா என்பார். விரல்கள் மின்னல் மாதிரி ஓடும். அவர் எழுதிய லூப் ஒன்று எங்களைப் படுத்திய பாட்டைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அவரிடம் அனுமதி கேட்டேன். "சொல்லுங்க அக்கா, நான் சொன்னா எனக்கே சிரிப்பு வந்து பாதியில நின்னுரும்" என்றார்.

ஒரு வைகாசியில் விடுதி முழுவதையும் ஒரு கல்யாணத்துக்குப் பிடித்திருந்தார்கள். பெண் வீட்டார் காலையிலேயே மலையேறி வந்துவிடுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் பிற்பகலில் பஸ்ஸில் வருவார்கள். மறுநாள் விடிந்தால் முகூர்த்தம். விருந்தினர் பட்டியல் மட்டும் வந்தபாடில்லை. யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று இரண்டு வீட்டிலும் கடைசிவரை அடித்தல் திருத்தல். ஒருவழியாகக் காலையில் வந்து சேர்ந்தது. வரிக்கு ஒரு குடும்பத் தலைவர். முதலில் பெண் வீட்டார், அடுத்து மாப்பிள்ளை வீட்டார்.

சரவணன் உட்கார்ந்து ஷெல் ஸ்கிரிப்ட் என்ற கட்டளைக் கோப்பில் ஒரு லூப் எழுதினார். பட்டியலில் இருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாக எடு, அடுத்த காலி அறையை அந்தப் பெயருக்குக் கொடு, அதற்குச் சாவி அட்டை போடு, கதவில் ஒட்ட வரவேற்பு அட்டை அச்சிடு, பெயர்கள் தீரும்வரை திரும்பச் செய். சோதித்தும் பார்த்தார். எங்கள் ஊழியர்கள் சிலரின் பெயரைப் போட்டு ஓட்டினார். மணி, மல்லிகா, குமார் என்று அட்டைகள் அழகாக வந்தன. பிறகு நிஜப் பட்டியலைக் கொடுத்து ஓட்டினார். திரையில் வரிகள் அருவி மாதிரி விழுந்தன. கடைசி வரியில் "முடிந்தது" என்று வந்தது. அந்தச் சொல்லை அச்சிடும்படி அவரே எழுதியிருந்தார். நாங்கள் இருவரும் போண்டா சாப்பிடப் போனோம்.

பெண் வீட்டார் வந்து இறங்கினார்கள். பெண்ணின் தாய்மாமன்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. வரவேற்பறையில் சாவிகளையும் வரவேற்பு அட்டைகளையும் ஒரு தட்டில் அடுக்கி அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். அவர் தன் சனத்துக்குப் பிரித்துக் கொடுத்தார். மாடியெங்கும் சிரிப்பும் பெட்டி உருளும் சத்தமும். எல்லாம் சரியாகப் போவதாகத்தான் நாங்கள் நினைத்தோம்.

அப்போது அறைகளைத் தயார் செய்யும் மல்லிகா எங்கள் கதவைத் திறந்து தலையை நீட்டினார். பக்கத்து ஊர், தலைச்சோலைக்காரர்.

"ஏனுங் மேடம், பெண்ணூட்டுக்காரங்க ரூமுல ‘ரா’ன்னு ஒருத்தர் இருக்கறாராமா. அவுரு ஆம்பளைங்களா, பொம்பளைங்களா? தட்டுல பூ வெக்கோணுமா, வேண்டாமான்னு தெரியலீங்க."

அவர் கையில் வரவேற்பு அட்டை இருந்தது. நல்ல தடித்த காகிதம், ஓரத்தில் மயில். நடுவில், வருக, ரா. அவர்களே.

சரவணன் அட்டையைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். வரிகளை மேலே உருட்ட ஆரம்பித்தார்.

நடந்தது இதுதான். அந்த லூப் பெயர்களை வரி வரியாகப் படிக்கவில்லை. கட்டளைகளைப் படிக்கும் ஷெல்லுக்கு இடைவெளி விட்டாலே ஒன்று முடிந்து அடுத்தது ஆரம்பம். "ரா. முருகேசன்" என்பது அதற்கு ஒருவரல்ல, இருவர். ரா. என்று ஒருவர், முருகேசன் என்று ஒருவர். ஊழியர்களின் பெயரைப் போட்டுச் சோதித்தபோது யாருக்கும் இனிஷியல் போடவில்லை, அதனால் தெரியவில்லை. நிஜப் பட்டியலிலோ இனிஷியல் இல்லாத ஆளே கிடையாது. நம் ஊரில் இனிஷியல் இல்லாமல் கல்யாணத்துக்கு யாரைக் கூப்பிட முடியும்? ஆக, ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு அறை, அவர் இனிஷியலுக்கு ஒரு அறை. பெண் வீட்டார் பட்டியல் முடிவதற்குள் விடுதியில் இருந்த அறையெல்லாம் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. அதன் பிறகு வந்த பெயர்களுக்கெல்லாம் "அறை இல்லை, அறை இல்லை" என்று ஸ்கிரிப்ட் உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் போயிருக்கிறது. நாங்கள் மேலே உருட்டிப் பார்க்காமல், கடைசியில் வந்த "முடிந்தது" என்ற ஒரு சொல்லை நம்பிப் போண்டாவுக்குப் போய்விட்டோம்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு அறைகூட இல்லை என்று சரவணன் முணுமுணுத்தார். நான் திரையில் விரலை வைத்துத் தேடினேன். ஒன்று இருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பட்டியலில் முதல் பெயர் மாப்பிள்ளையின் அப்பா, சி. நல்லதம்பி. விடுதியின் கடைசி அறை அவருடைய ‘சி.’க்குக் கிடைத்திருந்தது. நல்லதம்பி என்ற பெயருக்கு அறை இல்லை.

எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வந்தது. வரக் கூடாத நேரத்தில் வருகிற சிரிப்பு. உதட்டைக் கடித்துக்கொண்டேன். சரவணன் சிரிக்கவில்லை. அவர் விரல்கள் அதற்குள் விசைப்பலகையில் ஓட ஆரம்பித்திருந்தன. எல்லா ஒதுக்கீட்டையும் அழித்துவிட்டு, சரியான லூப்பை எழுதி மறுபடி ஓட்டிவிடலாம், ஒரு நிமிஷ வேலை என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இந்த நிமிஷம் வரும். கை பரபரக்கும். தப்பு செய்தது கணினி, திருத்துவதும் கணினியே என்று தோன்றும். ஆனால் மாடியில் என்ன நடக்கிறது என்று யோசித்தேன். எங்கள் கதவுகளுக்குச் சாவி அட்டைதான். ஒதுக்கீட்டை அழித்தால் அந்த அட்டையும் செத்துவிடும். ஒரு அறையில் ஒருவர் குளித்துக்கொண்டிருப்பார், அவர் சம்சாரம் எதிர் அறைக்குப் போயிருப்பார். கட்டிலெல்லாம் பட்டுப்புடவை விரித்திருக்கும். என்டரைத் தட்டிய மறுகணம் பாதிக் கல்யாணம் தன் அறைக்கு வெளியே நிற்கும். அவசரத்தில் எழுதிய லூப்பைத் திருத்த, அதைவிட அவசரத்தில் இன்னொரு லூப்.

"கையை எடுங்க சரவணன்," என்றேன். "எடுத்து மடியில வைங்க."

வைத்தார். நான் மேலாளரைக் கூப்பிட்டேன்.

எங்கள் மேலாளருக்குக் கணினி பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டார். நான் லூப், இடைவெளி, மேற்கோள் குறி என்று ஆரம்பித்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார். முதலில் பஸ் எங்கே வருகிறது என்று கேட்டார். ஓட்டுநரைக் கைபேசியில் கூப்பிட்டோம். அடிவாரத்தில் டீ குடித்துவிட்டு ஏற ஆரம்பித்துவிட்டார்களாம். அடுத்ததாக, இதைக் கல்யாணத்துக்கு வந்தவர்களிடம் ஒரே வாக்கியத்தில் உங்களால் சொல்ல முடியுமா என்று கேட்டார். கரண்ட் போய்விட்டது, வைரஸ் வந்துவிட்டது என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாமே என்று சரவணன் பலவீனமாகச் சொன்னார். மேலாளர் அவரைக் கோபிக்கவில்லை. பொய் சொன்னால் நாளை சாயங்காலம் வரை எல்லோரும் அதே பொய்யை ஞாபகம் வைத்திருக்க வேண்டும், கல்யாண வேலைக்கு நடுவில் அது முடியாது என்று மட்டும் சொன்னார்.

நான் யோசித்தேன். வாக்கியம் கிடைத்தது. "எங்க கம்ப்யூட்டர் இனிஷியலையும் ஒரு ஆளுன்னு நினைச்சுக்கிச்சுங்க."

மேலாளர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி நின்று ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்களைப் பார்க்க ஆரம்பித்தார். அவர் முதுகு குலுங்கியது. அது போதும், போய்ச் சொல்லுங்கள் என்றார்.

தாய்மாமன் வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார். நான் வாக்கியத்தைச் சொன்னேன். அவர் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றார். தட்டில் சாவிகள் அவ்வளவு அதிகமாக இருந்ததைப் பார்த்து, விடுதிக்காரர்களுக்கு நொம்பப் பெரிய மனசு என்று அவர் வீட்டுப் பெண்களிடம் எங்களைப் புகழ்ந்திருக்கிறார். ‘மு.’ என்ற அறையை முத்துலட்சுமிச் சித்தி எடுத்துக்கொண்டாள். ‘பெ.’ என்பது பெரியவர்களுக்கு என்று முடிவு செய்து இரண்டு பெரியவர்களை அதில் விட்டிருந்தார். விஷயம் முழுதாகப் புரிந்ததும் சிரித்தார் பாருங்கள், வாழைமரம் ஆடியது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

பாதிச் சிரிப்பில் சட்டென்று நிறுத்தினார். அவருக்கு நல்லதம்பி ஞாபகம் வந்துவிட்டது.

நிச்சயதார்த்தத்தன்று அந்த மனிதருக்கு யாரோ இரண்டாம் வரிசையில் நாற்காலி போட்டுவிட்டார்களாம். அவர் எழுந்து போய்த் தன் காரில் உட்கார்ந்துகொண்டாராம். தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு வீட்டாரும் காருக்குப் போய்ச் சமாதானம் பேசினார்களாம். அன்று முதல் இவருக்கும் அவருக்கும் பேச்சில்லை. நாற்காலிக்கே அப்படியென்றால், அறைக்கு?

"பெண்ணூட்டு இனிஷியலுக்கெல்லாம் கட்டில் மெத்தை இருக்குது, மாப்பிள்ளை ஊட்டு மனுசருக்கு இல்லைன்னா, அந்தாளு மொகூர்த்தத்துக்கே நிக்க மாட்டாருங்க மேடம்," என்றார். எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "வாங்க போலாம். கதவு கதவாத் தட்டுவோம்."

தட்டினோம். ஒவ்வொரு கதவிலும் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். ஒவ்வொரு கதவும் வேறு விதமாகத் திறந்தது. ஒன்றில் தலையில் துண்டு. ஒன்றில் பாதி பின்னிய சடை. முத்துலட்சுமிச் சித்தி, வந்ததிலிருந்தே நினைத்தேன், என்னையெல்லாம் யார் ‘அவர்களே’ என்று கூப்பிடப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டு, பெட்டியோடு அட்டையையும் எடுத்துக்கொண்டாள். ‘ரா.’ அறையில் ராகவி என்ற கல்லூரிப் பெண் இருந்தாள். பிறந்ததிலிருந்து தனி அறையே கிடைத்ததில்லையாம். கதவைப் பிடித்துக்கொண்டு, நான்தானே ரா என்று வாதாடினாள். தாய்மாமன் அவள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்ததும் பின்னாலேயே ஓடினாள். அறையைக் காலி செய்தவர்கள் யாரும் சும்மா இருக்கவில்லை. அடுத்த கதவில் என்ன இனிஷியல் என்று பார்க்க எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். ஐந்தாறு கதவுக்குள் எங்களுக்குப் பின்னால் ஒரு ஊர்வலமே வந்தது. நான் கதவிலிருந்து கைபேசியில் அறை எண்ணைச் சொல்வேன். கீழே சரவணன் அந்த ஒரு அறையை மட்டும் பார்த்து, கையால் மாற்றி, மாற்றியதைத் திரும்பப் படித்துக் காட்டுவார். அவ்வளவு வேகமான விரல்கள் அவ்வளவு நிதானமாக வேலை செய்து நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

பாதி மாடி முடியவில்லை, கீழே பஸ் ஹாரன் கேட்டது. ஓட்டுநர் வாழவந்திக்காரர். வளைவு வளைவாக மனப்பாடமான பாதை. நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார்.

நான் இறங்க ஓடினேன். ஆனால் நல்லதம்பி காப்பிகூட வேண்டாம், முதலில் அறையைப் பார்க்கிறேன் என்றிருக்கிறார். மாடியில் நடந்துகொண்டிருந்த கலவரத்தில் யாரும் மல்லிகாவிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவர் இருந்த ஒரே ஒரு சாவியை எடுத்துக்கொண்டு, வாங்க அய்யா என்று அவரை நேராகக் கடைசி அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் மூச்சிரைக்க அங்கே போனபோது, அவர் கதவுக்கு முன்னால் நின்று அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார்.

வருக, சி. அவர்களே.

கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். ஊர்வலம் தாழ்வாரத்தின் மறுமுனையில் அப்படியே நின்றுவிட்டது. தாய்மாமன் ராகவியின் பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மிணி," என்றார் நல்லதம்பி என்னைப் பார்த்து. "இந்த ‘சி’ யாருங்க?"

வாக்கியத்தைச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடியும் சொன்னேன்.

"அப்ப நல்லதம்பிக்கு எந்த ரூமுங்க?"

"இல்லீங்க. அதுக்குள்ள ரூமு தீந்து போச்சுங்க."

திறந்திருந்த ஜன்னல் வழியாக மேகம் தாழ்வாரத்துக்குள் வந்துகொண்டிருந்தது. அவருடைய கார் கீழே இருக்கிறதா, பஸ்ஸில்தான் வந்தாரா என்று நான் யோசித்தது நினைவிருக்கிறது.

"எங்கப்பன் பேரு சின்னப்பன்," என்றார் மெதுவாக. "எங்கப்பனுக்கு ரூமு போட்டுட்டீங்க. எனக்குப் போடலே."

அவர் தோள்கள் நடுங்க ஆரம்பித்தன. கோபம் என்று நினைத்து மல்லிகா பின்னால் நகர்ந்தார். அது சிரிப்பு. சத்தமில்லாமல் வயிற்றிலிருந்து ஏறி, தோளுக்கு வந்து, கடைசியாக வாயைத் திறந்துகொண்டு வந்த சிரிப்பு. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணாடி கழன்று கயிற்றோடு நெஞ்சில் தொங்கியது. உள்ளே போய்க் கட்டிலை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். திரும்பி வரும்போது கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த மலைக்கி மூட்டை ஏத்திக்கிட்டு வண்டியோட்டிட்டு வந்தவருங்க அவரு. மழை பேஞ்சா வண்டிக்கடியில படுத்துக்குவாரு. ரூமெல்லாம் பாத்ததில்லே. இன்னைக்கி அவருக்குப் போட்டுட்டுத்தான் எனக்குன்னு பாத்திருக்கீங்க. செரியாத்தான் போட்டிருக்குது."

பிறகு மாடிப்படிக்குப் போய், கீழே காப்பியோடு நின்ற தன் சனத்தைப் பார்த்து, எல்லோரும் மேலே வந்து அவரவர் அப்பனுக்கு ரூம் இருக்கிறதா என்று பார்க்கும்படி சொன்னார்.

அடுத்து நடந்ததை எந்த ஸ்கிரிப்ட்டாலும் திரும்பச் செய்ய முடியாது. இரண்டு வீட்டுச் சனமும் தாழ்வாரத்தில் கலந்தது. பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், தன் இனிஷியலை மாப்பிள்ளை வீட்டில் ஒருவருக்குத் தானம் கொடுப்பதாக அறிவித்தார். இருவருக்கும் ஒரே எழுத்து என்று கண்டுபிடித்தவர்கள் உறவு கொண்டாடினார்கள். நான் அறை எண்களைச் சொல்லச் சொல்ல, சரவணன் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தார். மேகம் விலகி விளக்கு போடும் நேரத்துக்குள் எல்லோருக்கும் அறை அமைந்தது. ஒன்றே ஒன்று குறைந்தது, அது தாய்மாமனுக்கு. அவர் வரவேற்பறைச் சோபாவில் படுத்துக்கொள்கிறேன் என்றார். நல்லதம்பி அவரை நேராகப் பார்த்து, எங்கப்பன் ரூமில் இன்னொரு கட்டில் இருக்கிறது, வாங்க என்றார். நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு அவர்களுக்குள் அதுதான் முதல் பேச்சு.

லூப்பை எப்படித் திருத்தினோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரி வரியாகப் படிக்க வைப்பது, இடைவெளியில் உடையாதபடி பெயரை மேற்கோள் குறிக்குள் பத்திரமாக வைப்பது, நிஜமாக ஓட்டும் முன் என்ன செய்யப் போகிறது என்று திரையில் மட்டும் காட்டச் சொல்வது. புத்தகத்தில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். சோதிக்கும்போது உங்களுக்கு வசதியான பெயர்களைப் போடாதீர்கள், உங்கள் ஊரில் நிஜமாக இருக்கும் பெயர்களைப் போடுங்கள் என்பது மட்டும் புத்தகத்தில் இருக்காது. மேலே ஆட்கள் இருக்கும்போது கையை மடியில் வைக்க வேண்டும் என்பதும் இருக்காது.

மறுநாள் முகூர்த்தம் முடிந்து பந்தியில் எங்களையும் உட்கார வைத்தார்கள். சரவணன் வர மாட்டேன் என்று சர்வர் அறையில் ஒளிந்துகொண்டிருந்தார். நான்தான் இழுத்து வந்தேன். நல்லதம்பி பந்தியில் ஒவ்வொரு இலையாக விசாரித்துக்கொண்டு வந்தவர், எங்கள் எதிரில் நின்றார். அந்த வேலையைப் பார்த்தது யார் என்று கேட்டார். சரவணன் எழுந்தார். கையில் பாயசம் வழிந்தது.

"நான்தாங்க."

"இனிமே இந்தத் தப்பு வராதுங்களா?"

சரவணன் என்னைப் பார்க்கவில்லை, மேலாளரையும் பார்க்கவில்லை.

"இந்தத் தப்பு வராதுங்க," என்றார். "வேற வரும்."

நல்லதம்பி தலையை ஆட்டிக்கொண்டார். பரிமாறுபவரைக் கூப்பிட்டு, இந்தத் தம்பிக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றச் சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.